கும்பகோணம் போகிறோம்: நவக்கிரகச் சுற்றா, ஊர்க் கோயில்களா?

தாம்பரம் மீனா:
எல்லோருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் அப்பா அம்மாவைக் கும்பகோணம் அழைத்துப் போகிறோம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி, கூடவே ஏழு வயதுப் பையன். எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி வெள்ளிக்கிழமை காலை போய் இறங்குகிறோம், ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்புகிறோம். ஒரு டிராவல்ஸில் விசாரித்தபோது ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அதில்தான் ஆசை. எனக்கோ ஊருக்குள் இருக்கிற கோயில்களை நிதானமாகப் பார்த்தால் போதும் என்று இருக்கிறது. போய் வந்தவர்கள், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அரசலாறு:
மீனா அக்கா, நான் குடந்தையிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதெல்லாம் அப்புறம். முதலில் மனதில் வைக்க வேண்டியது நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரே நாளில் ஒன்பது என்கிற கணக்கு இந்த இடத்தில்தான் இடிக்கும்.

வரைபடத்தைப் பாருங்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகார்ப் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில். திருநள்ளாறு காரைக்காலில். ஆலங்குடி தெற்கே நீடாமங்கலம் சாலையில். இத்தனையையும் ஒரே பகலில் முடிக்க விடியற்காலை ஐந்துக்கே வண்டி ஏற வேண்டும், திரும்பி வர இரவு ஒன்பதாவது ஆகும். ஒவ்வொரு கோயிலிலும் சன்னதி முன்னால் அரை நிமிடம் நின்றால் அதிகம். முழங்கால் வலி உள்ளவர் ஒன்பது முறை இறங்கி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கருங்கல்லில் நடக்க வேண்டும். அம்மாவுக்கு இது வேண்டாம் அக்கா.

ஊருக்குள் பாருங்கள். கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி, நாகேஸ்வரன், காசி விஸ்வநாதர், மகாமகக் குளம் எல்லாமே ஆட்டோவில் ஐந்து பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

கும்பேஸ்வரரிடம் தொடங்குங்கள். ஊருக்கே பேர் தந்த சாமி. பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் கும்பத்தை வேடன் உருவில் வந்த சிவன் அம்பு எய்து உடைத்தார், சிந்திய அமுதத்தையும் மணலையும் பிசைந்து செய்த லிங்கம் இது என்பது தல வரலாறு. அதனால் மூலவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துவார்கள். கோபுரத்திலிருந்து உள்ளே போகும் நீண்ட வழியில் இரண்டு பக்கமும் கடைகள், உங்கள் பையன் அங்கேயே நின்றுவிடுவான். நவராத்திரி மண்டபத்தில் 27 நட்சத்திரங்களையும் 12 ராசிகளையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு ராசியைத் தேடச் சொல்லுங்கள்.

சாரங்கபாணி கோயிலுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பதினொரு நிலைக் கோபுரம். கருவறையே குதிரையும் யானையும் இழுக்கிற தேராக அமைந்தது. உள்ளே போக இரண்டு வாசல்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். நீங்கள் தையில் வருவதால் உத்தராயண வாசல் திறந்திருக்கும். கோமளவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் பெருமாளிடம் போவது வழக்கம். பெருமாள் முழுக்கப் படுத்திருக்க மாட்டார், தலையைச் சற்றே தூக்கி எழுந்துகொள்ளப் பார்ப்பவர் போல இருப்பார். திருமழிசையாழ்வார் வந்து, உலகளந்த கால் நொந்ததோ, எழுந்து பேசக் கூடாதோ என்று கேட்டாராம். அடியவர் கேட்டதும் எழப்பார்த்த கோலம் அது. வைணவ ஆசாரியர் நாதமுனிகள் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடிக் கிளம்பியதும் இந்த ஆராவமுதன் மேல் நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டுத்தான். சன்னதியில் அவசரப்படாமல் நில்லுங்கள், விளக்கு வெளிச்சத்தில் கண் பழகப் பழகத்தான் அந்தத் திருமுகம் தெரியும்.

திருச்சி ரவி:
தம்பி அரசலாறு, ஊர்ப் பெருமை நியாயம்தான். ஆனால் மீனாவின் அப்பா கேட்டது நவக்கிரகம். வயதானவர்களுக்கு மனதில் ஒரு வேண்டுதல் இருக்கும், அதை வெளியே சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான். ஒன்பது தலமும் முடித்து வந்த அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். அரை நிமிடம் நின்றாலும் நின்றதுதான். கோயிலுக்குப் போவது சாமி கும்பிட, சிற்பம் பார்க்க இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024 முதல் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விடுகிறது. கேட்டு வருகிறவர்கள் இருப்பதால்தானே விடுகிறார்கள்?

சேலம் வித்யா:
ரவி சார், பேருந்தைப் பற்றித் தெரியாது. ஆனால் எங்கள் அத்தை ஒரு தனியார் பேக்கேஜில் போனார். பேர் வேண்டாம். காலையில் இரண்டு கோயிலில் கூட்டம், அதனால் நேரம் பிந்திவிட்டது. மூன்றாவது கோயிலில் நடை சாத்தியாகிவிட்டது என்று கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிடச் சொல்லிவிட்டார்கள். அத்தை வாங்கி வைத்திருந்த மாலை வண்டியிலேயே வாடியது. பணம் போனது பெரிதில்லை, மனசு ஆறவே இல்லை அவருக்கு. அப்பாவுக்கு வேண்டுதல் இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன், ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தாராசுரம் ரசிகை:
ரவி சாருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். சாமி கும்பிடுவதையும் சிற்பம் பார்ப்பதையும் நாம்தான் இப்போது பிரித்து வைத்திருக்கிறோம். கட்டியவர்கள் பிரிக்கவில்லை. ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டு, 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் உட்கார்ந்து பாருங்கள், நின்றபடி பார்த்தால் தெரியாது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத கட்டங்களில் நாயன்மார் கதைகள் வரிசையாக ஓடும். கண்ணப்பர் இருப்பார். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கிற கட்டம் இருக்கும்: குளம், அதில் வாயைத் திறந்த முதலை, வெளியே வருகிற பையன். விரல் நீளத்துக்குள் இத்தனையும். மேலே கல்லில் பேரும் பொறித்திருக்கிறார்கள். சேக்கிழார் பாடிய அதே நூற்றாண்டில், அந்தப் பக்தியைக் கல்லில் பார்க்க வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நாயன்மாராகப் பேர் சொல்லிக்கொண்டே நகர்வது வழிபாடு இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

மீனா, பையனுக்கும் அங்கே வேண்டியது இருக்கிறது. ஒரே தலையைக் காளையும் யானையும் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம், ரிஷப குஞ்சரம் என்பார்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. முன்மண்டபம் சக்கரம் வைத்த தேர், குதிரை பாய்ந்து இழுக்கிறது. நந்திக்குப் பக்கத்துப் பலிபீடத்தில் தட்டினால் வெவ்வேறு ஒலி தரும் கற்படிகள் உண்டு. இப்போது கம்பி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள், ஆகவே தட்டப் பார்க்க வேண்டாம். மாலை வெயில் சாய்கிற நேரத்தில் போங்கள், கல் சூடு குறைந்திருக்கும், அம்மா கால் பொறுக்கும்.

ஒரு வேண்டுகோள். தாராசுரமானாலும் நாகேஸ்வரன் கோயிலானாலும் கோஷ்டச் சிற்பங்களில், அதாவது வெளிச்சுவர் மாடங்களில் நிற்கிற சிற்பங்களில், விபூதி குங்குமத்தை அப்பாதீர்கள், எண்ணெய்க் கையைத் துடைக்காதீர்கள். நாகேஸ்வரன் கோயில் முதலாம் ஆதித்தன் காலத்தைச் சேர்ந்தது, அதன் சுவரில் நிற்கிற பெண்களும் ஆண்களும் ஏறக்குறைய ஆள் அளவு. உதட்டோரச் சிரிப்பு ஆயிரத்து நூறு வருடமாக அப்படியே இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஏறி அது மங்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

திருச்சி ரவி:
ரசிகை மேடம், நீங்கள் சொன்ன விதத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பேர் சொல்லிக்கொண்டே நகர்வது வழிபாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீனாவின் அப்பாவுக்கு அதுவா வேண்டும் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். பிள்ளைகள் நல்லதென்று நினைத்துப் பெரியவர்களின் வேண்டுதலை மாற்றிவிடுகிறோம், அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அரசலாறு:
ரவி அண்ணா சொன்னது சரி, அப்பாவிடம் கேட்டுவிடுங்கள் அக்கா. ஒன்பதும் வேண்டும் என்று அவர் சொன்னால் இரண்டு நாளாகப் பிரியுங்கள், அப்போது எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்கலாம்.

கிழக்கு நாள்: காலை வைத்தீஸ்வரன்கோயில் (செவ்வாய்), திருவெண்காடு (புதன்), கீழப்பெரும்பள்ளம் (கேது). பன்னிரண்டுக்குள் மூன்றும் முடியும், சீக்கிரம் கிளம்பினால். நடை சாத்தும் நேரத்தில் அப்படியே கடலோரமாகத் தரங்கம்பாடி வந்துவிடுங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல் காற்று, பையன் ஓடி விளையாட இடம். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குத் திருநள்ளாறு. சனிக்கிழமை மட்டும் அங்கே போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

பக்கத்து நாள்: காலையில் சூரியனார்கோயில், கஞ்சனூர் (சுக்கிரன்). சூரியனார்கோயிலுக்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரைத் தரிசிப்பது மரபு. பேக்கேஜ்காரர்கள் அதை விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள். மதியம் ரூமில் ஓய்வு. மாலை ஆலங்குடி (குரு), திருநாகேஸ்வரம் (ராகு). திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் பாலாபிஷேகம், ராகுவின் மேல் வழியும் பால் நீலமாகத் தெரியும் என்பதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம், அன்றுதான் நெரிசல் அதிகம். அங்கே பரிகாரம் செய்வதாக இருந்தால் கோயில் கவுண்டரில் சீட்டு வாங்குங்கள், வாசலில் வந்து கையைப் பிடிக்கிற தரகரிடம் பேச்சே வேண்டாம். கிட்டத்திலேயே ஒப்பிலியப்பன் கோயில், பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம். பிரசாத ஸ்டாலில் வாங்கிப் பாருங்கள், உப்பு இல்லை என்றே தெரியாது.

மிச்சம் இருப்பது திங்களூர் ஒன்று. அதைச் சுவாமிமலையோடும் திருவையாற்றோடும் சேர்த்துவிடலாம்.

சுவாமிமலைக்காரன்:
எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததால் வருகிறேன். சுவாமிமலையில் மலை கிடையாது, கட்டுமலைதான். ஆனால் 60 படி உண்டு, தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஒரு படி. உங்கள் அப்பா பிறந்த வருடத்தின் பேர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பையன் அந்தப் படியைத் தேடட்டும். அம்மா நடுநடுவே உட்கார்ந்து ஏறினால் போதும், அவசரமில்லை.

இறங்கிய பிறகு ஒரு சிற்பக் கூடத்தை எட்டிப் பாருங்கள். பல பட்டறைகளில் கேட்டால் உள்ளே விடுவார்கள். தென்னங்கீற்று ஓலை நறுக்கை மடித்து மடித்துத்தான் சிலைக்கு அளவு எடுக்கிறோம், அதற்கு ஒடியோலை என்று பேர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவமும் செய்வோம். விரல் நகம், கழுத்துச் சரடு எல்லாம் மெழுகிலேயே வந்துவிட வேண்டும். அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசுவோம். முதல் பூச்சு மாவு போல நைசாக இருந்தால்தான் மெழுகில் உள்ள கோடு மண்ணில் பதியும். நிழலில் காயவைத்து, கம்பி கட்டி, சூடு காட்டி மெழுகை வடியவிட்டு, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவோம். ஆறியதும் மண்ணை உடைத்தால் உள்ளே சாமி. ஒரு கூட்டில் ஒரு சிலைதான், அந்த மண்கூடு மறுபடி உதவாது. இந்த ஆற்று மண் இல்லாவிட்டால் இங்கே இந்தத் தொழிலே இல்லை.

தாம்பரம் மீனா:
இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மனமார்ந்த நன்றி. ரவி அண்ணா சொன்னபடி அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன். அவருக்கு ஒன்பதும் வேண்டும் என்றில்லையாம். குருவுக்கும் ராகுவுக்கும் மட்டும் வேண்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் என் தம்பி கல்யாணத்துக்காக. எங்களிடம் சொல்லவே இல்லை. ஆக ஆலங்குடியும் திருநாகேஸ்வரமும் சனிக்கிழமை மாலை. வெள்ளி முழுக்க ஊருக்குள், சனி காலை சுவாமிமலை, ஞாயிறு மாலை தாராசுரம், அங்கிருந்து நேராக ரயிலுக்கு. காவிரியில் குளிக்க முடியுமா? தங்குவது, சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்களேன்.

அரசலாறு:
குருவுக்கு வியாழக்கிழமைதான் கூட்டம், சனி மாலை ஆலங்குடியில் நிம்மதியாக நிற்கலாம். காவிரி விஷயம்: மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். தைக் கடைசியில் நீங்கள் வரும்போது தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். பகவத் படித்துறையில் இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், கால் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.

தங்குவதற்கு மகாமகக் குளத்தைச் சுற்றியோ ரயில்வே ஸ்டேஷனுக்கும் குளத்துக்கும் நடுவிலோ பாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா, மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். கல்யாண முகூர்த்தம் இருந்தால் ரூம் கிடைக்காது, தேதியை இப்போதே பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம் வித்யா:
சாப்பாடு நான் சொல்கிறேன். ஞாயிறு காலை சின்ன ஓட்டலில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய் கசகசா அரைத்து விட்டு, சோம்பு வாசனையோடு வெள்ளையாக இருக்கும். வேறு ஊரில் அந்தப் பக்குவம் வருவதில்லை. காபியைப் பித்தளை டவரா டம்ளரில் கொடுக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். நெடுஞ்சாலை முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு இருக்கிறது, ஊருக்குள் போய்க் குடித்தால் வித்தியாசம் நாக்குக்கே தெரியும். கொழுந்து வெற்றிலை வாங்க மறக்காதீர்கள், 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று.

தாராசுரம் ரசிகை:
வெள்ளியன்று ராமசாமி கோயிலைச் சேர்த்துக்கொண்டீர்களா? ரகுநாத நாயக்கர் கட்டியது. முன்மண்டபத் தூண் ஒவ்வொன்றும் தனித் தனிச் சிற்பம், பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாக. வலம் வர வர கதை நகரும். பையனைக் கதை சொல்லச் சொல்லிக்கொண்டே நடங்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீடும் இருக்கிறது, சிறிய ஓட்டு வீடு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. கோயிலிலிருந்து இரண்டு நிமிட நடைதான்.

திருச்சி ரவி:
மீனா, அப்பாவிடம் கேட்டதற்குச் சந்தோஷம். தம்பி கல்யாணம் கூடி வரட்டும். அரசலாறு, உங்களிடம் ஒரு கேள்வி. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அம்மாவை அழைத்து வர ஆசை. அவருக்கு அப்போது எண்பது நெருங்கிவிடும். 1992இல் நெரிசலில் ஐம்பது பேர் அளவுக்கு இறந்தது மனதை விட்டுப் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் பெரியவர்களைக் கூட்டி வரலாமா?

அரசலாறு:
அண்ணா, மாசி மக நாளன்று மட்டும் வேண்டாம். 2016இல் பிப்ரவரி 22 தீர்த்தவாரி. ஆனால் அதற்குப் பத்து நாள் முன்பே, கொடியேற்றிய நாளிலிருந்தே ஜனங்கள் குளத்தில் நீராடிக்கொண்டிருந்தார்கள். அந்த முன் நாட்களில் ஒரு வாரநாளாகப் பார்த்து, விடியற்காலையில் அழைத்து வாருங்கள். குளத்துக்குள் இருபது தீர்த்தக் கிணறுகள், கரையில் கோவிந்த தீட்சிதர் அமைத்த 16 மண்டபங்கள். முதலில் மகாமகக் குளம், பிறகு பொற்றாமரைக் குளம், கடைசியாகக் காவிரி என்பது முறை. அம்மாவால் மூன்றும் முடியாவிட்டால் முதல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், காசி விஸ்வநாதர் கோயிலில் ஒன்பது நதிக் கன்னியரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ரூமை மட்டும் 2027 கடைசியிலேயே பேசி வைத்துவிடுங்கள். நான் ஊரில்தான் இருப்பேன், தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், சக்கர நாற்காலி எந்தப் பக்கப் படிக்கட்டு வரை போகும் என்று அப்போதைய ஏற்பாட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.